சிடிசி 30% ஏறியும் கையில் வராத சம்பளம்

பழைய சிடிசி (எனக்காக நிறுவனம் ஓராண்டுக்கு ஒதுக்கும் மொத்தத் தொகை) 10 லட்சம், புதிய ஆஃபர் 13 லட்சம். வரிக்கு முன் மாதம் கையில் வருவதைக் கணக்குப் போட்டால் 79,733 வெறும் 81,845 ஆகிறது.

இன்னும் ஒரு லட்சம் கூட்டிக் கேட்டதற்கு, அந்தப் பதவிக்கான உச்ச வரம்பு இதுதான் என்றார்கள். வேறொரு ஆஃபரைக் காட்டியும் அதே பதில். ஜாயினிங் போனஸ் தருவதாகச் சொன்னார்கள். ஓராண்டுக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டுமாம்.

சம்பளப் பிரிப்பு அட்டவணையை வாங்கிப் பார்த்ததும்தான் வழி கிடைத்தது. ஆண்டுக்கு வேரியபிள் (செயல்திறனைப் பொறுத்து மாறும் தொகை) 1,30,000, காப்பீடு 15,000, கிராஜுவிட்டி எனும் பணிக்கொடை 28,860 (பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளத்தில் 4.81%, பொதுவாக ஐந்து ஆண்டு இருந்தால்தான் கிடைக்கும்). பேசிக் மாதம் 50,000. அதில் முழு 12% பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) என் பங்கு, அதே அளவு நிறுவனத்தின் பங்கும் சிடிசிக்குள்ளேயே! பழைய இடத்தில் பிஎஃப் கணக்கிடும் சம்பளத்துக்கான 15,000 வரம்புப்படி மாதம் 1,800 மட்டுமே.

சிடிசியைத் தொடாமல் இரண்டு மாற்றம் கேட்டேன்: பிஎஃப் 1,800, வேரியபிளில் பாதி நிலையான சம்பளத்தில். இரண்டுக்கும் ஒப்புக்கொண்டார்கள். இப்போது வரிக்கு முன் சுமார் 95,660. ஓய்வுகாலச் சேமிப்பு குறையும், அது தெரிந்தே எடுத்த முடிவு.

பிஎஃப்பைக் குறைக்கும்போது நிறுவனப் பங்கில் மிஞ்சும் மாதம் 4,200 ஸ்பெஷல் அலவன்ஸில் சேர வேண்டும். திருத்திய அட்டவணையில் அந்த வரி விடுபட்டிருந்தது. சேர்த்து வாங்கிய பிறகே கையெழுத்து.