பாதாளச் சாக்கடைக்கு அளவெடுக்கும்போது கணக்கு எங்கே தப்புகிறது?

ஊர் பெருத்துக்கொண்டே போகிறது, பாதாளச் சாக்கடை பொங்குகிறது என்றதும் முதலில் தேடுவது ஒரே ஓர் எண்ணை: முப்பது வருஷம் கழித்து எத்தனை பேர் இருப்பார்கள்? அது கிடைத்ததும் தலைக்கு இத்தனை லிட்டர் என்று பெருக்கிக் குழாய் அளவை முடிவு செய்துவிடுகிறார்கள். சராசரியை நம்பியதால் வரும் தவறு இது. காலையில் ஊரே குளிக்கும் நேரத்து வெள்ளத்தையும் குழாய் தாங்க வேண்டும். நடுராத்திரியில் நூலாக வருவதையும் தேங்கவிடாமல் நகர்த்த வேண்டும்.

50,000 பேர் வாழும் பகுதி என்று வைத்துக்கொள்வோம். தலைக்குத் தினம் 150 லிட்டர் தண்ணீர் செலவாகி, அதில் 80 விழுக்காடு கழிவாகத் திரும்பினால் 120 லிட்டர். சராசரியாக விநாடிக்கு 69 லிட்டர் வரும். உச்ச நேரத்துக்கு இதை எத்தனையால் பெருக்குவது? பலரும் கையாளும் ஹார்மன் சூத்திரப்படி 2.26; ஆக 157 லிட்டர். ஆனால் 1,000 பேர் மட்டும் உள்ள தெருக்களுக்கு அதே சூத்திரம் 3.8 என்கிறது, லட்சம் பேருக்கு 2 என்கிறது. ஆள் கூடக் கூட எல்லோரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறப்பது குறையும் அல்லவா, அதுதான் காரணம். ஊர் முழுக்க ஒரே பெருக்கத்தைப் போட்டால் தெருக் குழாய் சிறுத்துவிடும், பிரதானக் குழாய் தேவைக்கு மேல் பெருத்துவிடும்.

"எதற்கு வம்பு, பெரிசாகவே போட்டுவிடலாம்" என்பது அடுத்த தவறு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கழிவில் உள்ள மண்ணும் மலமும் அடியில் படியாமல் இருக்க ஓட்டம் விநாடிக்கு ஏறக்குறைய 0.6 மீட்டராவது இருக்க வேண்டும். குடியேற்றம் மெல்ல நடக்கும் ஆரம்ப ஆண்டுகளில் பெரிய குழாயின் அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊர்ந்துகொண்டிருக்கும். படிந்தது அழுகி ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மேலே எழும். குழாயின் உள்கூரை ஈரத்தில் வாழும் பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக்கும். கான்கிரீட் மேலிருந்து கரையும். இதில் இன்னொரு கண்ணி: பெரிய குழாய்க்குக் குறைந்த சரிவு போதும் என்று குழாய் வடிவமைப்பு அட்டவணை காட்டும், பள்ளம் தோண்டும் செலவும் குறையும். குழாய் பாதியாவது நிறைந்து ஓடினால்தான் அந்த அட்டவணை செல்லும்.

அதற்காக மிச்சமே வைக்கக் கூடாது என்றில்லை. 300 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதில் அதே சரிவில் 375 போட்டால் கொள்ளளவு 80 விழுக்காடு கூடும். தோண்டும் செலவு ஏறக்குறைய அதேதான். ஒரு படி ஏற்றலாம். மூன்று படி ஏற்றுவதைவிட, பிற்பாடு பக்கத்தில் இரண்டாவது குழாய் போட இடம் ஒதுக்குவது நல்லது என்பது என் கட்சி.

உண்மையில் குழாய்களைக் கவிழ்ப்பது மழை. மொட்டைமாடித் தண்ணீரைச் சாக்கடையில் இறக்கிவிடும் ஒரே ஒரு வீட்டைப் பாருங்கள். மாடி 100 சதுர மீட்டர், மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை என்றால், அங்கிருந்து மணிக்கு 5,000 லிட்டர் இறங்கும். நாலு பேர் குடும்பத்தின் கழிவு மணிக்குச் சராசரி 20 லிட்டர். ஒரு மாடி 250 வீடுகளுக்குச் சமம்! மக்கள்தொகைக் கணிப்பில் பத்து விழுக்காடு முன்பின் ஆனதற்கு மாதக்கணக்கில் சண்டை போடுபவர்கள் இதைக் கேட்பதே இல்லை. லண்டனில் 1858-இல் தேம்ஸ் நதி நாறிய நாற்றத்துக்குப் பிறகு பொறியாளர் ஜோசப் பசல்ஜெட் கட்டிய சாக்கடை அமைப்பு மழைநீரையும் கழிவையும் சேர்த்தே ஏந்தியது. ஊர் வளர்ந்தபின் மழைக்காலத்தில் கழிவு நதிக்கே வழிந்தது. அதைப் பிடிக்க 25 கிலோமீட்டர் நீளச் சுரங்கக் குழாய் தேவைப்பட்டது.

பொங்கும் தெருவில் மட்டும் குழாயை மாற்றுவதும் வீண்வேலை. பொங்குவது அடுத்த சந்திப்புக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். கீழே உள்ள பிரதானக் குழாய், பம்பிங் ஸ்டேஷன், சுத்திகரிப்பு நிலையம் வரை எது முதலில் முட்டும் என்று பார்த்த பிறகே மேலே கைவைக்க வேண்டும். பம்புகளை எண்ணும்போது பெரியது ஒன்று பழுதாகி நிற்பதாகவே வைத்துக் கணக்கிடுங்கள்.

இதையெல்லாம் காகிதத்தில் போடுமுன், மழையில்லாத ஒரு நாளில் பின்னிரவு மூன்று மணிக்கு மேன்ஹோல் மூடியைத் திறந்து, மேலே நின்றபடியே உள்ளே வெளிச்சம் அடித்துப் பாருங்கள். விஷவாயு இருக்கும், யாரும் இறங்கக் கூடாது. ஊர் தூங்கும் நேரத்தில் தெளிந்த தண்ணீர் சலசலவென்று ஓடினால், பெரும்பாலும் அது இணைப்பு விரிசல்கள் வழியே நுழையும் நிலத்தடி நீர். அதே மேன்ஹோலைப் பெருமழைக்கு மறுநாளும் அதே நேரத்தில் பாருங்கள். இரண்டு மட்டத்தையும் குறித்துக்கொண்டால், புதுக் குழாய் வேண்டுமா, பழைய குழாயின் ஓட்டையை அடைத்தாலே போதுமா என்று பாதி தெரிந்துவிடும்.