நெஞ்சுக் காயத்தின் பின் மூச்சை மீட்டெடுக்கும் முறை

போர் 2009இல் முடிந்துவிட்டாலும், நெஞ்சில் செல் துண்டோ சன்னமோ பட்ட வடுவுடன் வாழ்பவர்கள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுள் படையில் இருந்தவர்களும், இயக்கத்தில் இருந்தவர்களும், எதிலும் சேராமல் வயலுக்குப் போன வழியில் காயப்பட்டவர்களும் உண்டு. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அவர்கள் சொல்லும்போது, காயத்தின் குணம் அப்படித்தான் என்று வீட்டார் ஆறுதல் கூறிவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். நுரையீரல் ஆறிய பின்னரும், நோவுக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடப் பழகிய நெஞ்சு அந்தப் பழக்கத்தை எளிதில் விடுவதில்லை. கீழ்ப்பகுதிக்குக் காற்றுப் போகாமல் நுரையீரல் சுருங்குகிறது, சளி தேங்குகிறது, விலாவும் தோளும் இறுகுகின்றன. முதலாம் உலகப் போரில் நெஞ்சிலும் உதரவிதானத்திலும் காயப்பட்ட படையினருக்கு 1915 அளவிலேயே மூச்சுப் பயிற்சி கற்பிக்கப்பட்டதற்கு இதுவே காரணம். மோட்டார் சைக்கிள் விபத்தில் விலா முறிந்தவர்களுக்கும் கீழே வருபவை பெரும்பாலும் பொருந்தும்.

நெஞ்சறையில் தேங்கும் குருதியையும் காற்றையும் வடிக்கச் செருகிய நெஞ்சுக் குழாய் எடுக்கப்பட்டு, நுரையீரல் மீண்டும் விரிந்துவிட்டது என எக்ஸ்ரே பார்த்த வைத்தியர் கூறிய பின்னரே வீட்டுப் பயிற்சியைத் தொடங்க வேண்டும். குருதியோ காற்றோ நெஞ்சறைக்குள் எஞ்சியிருந்தால் பயிற்சியால் அது தீராது. தேங்கிய குருதி நாளடைவில் தடித்த உறையாகி நுரையீரலை இறுக்கிவிட்டால் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்.

முதலில் நோவை அடக்குங்கள். நோவைப் பொறுத்துக்கொள்வது வீரம் என்ற எண்ணம், குறிப்பாகப் படையில் இருந்தவர்களிடம், மிகுதியாக உண்டு. இங்கே அதனால் தீமையே விளைகிறது. நோகும் நெஞ்சு விரியாது. வைத்தியர் தந்த வலிமாத்திரையை, நாளொன்றுக்கு அவர் கூறிய அளவைத் தாண்டாமல், பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னர் எடுத்துக்கொள்வது நல்லது. முறிந்த விலாவுக்கு ஆதரவென்று நெஞ்சைச் சுற்றித் துணியால் இறுகக் கட்டும் வழக்கத்தைக் கைவிடுங்கள். விலா ஏறக்குறைய 6 வாரங்களில் கட்டில்லாமலே கூடிவிடும். கட்டினாலோ உள்ளே சளி தேங்கிக் காய்ச்சல் வர வழி திறக்கும்.

பயிற்சிக்குச் சாய்மனையில் படுத்திருக்க வேண்டாம். நேரான கதிரையில் நிமிர்ந்து அமர்ந்து, காயப்பட்ட பக்கத்தின் கீழ் விலாக்கள் மீது உள்ளங்கையை வையுங்கள். மூக்கு வழியாக மெதுவாக இழுக்கும் காற்று அந்தக் கையை வெளியே தள்ள வேண்டும் என்பதே குறி. தோள்கள் மேலே எழுந்தால் மூச்சு மேலேயே நின்றுவிட்டது என்று பொருள். முழுதாக இழுத்து, மூன்று எண்ணும் வரை அடக்கி, வாயைக் குவித்து நீளமாக விடுங்கள். ஐந்து முறை செய்தபின் சற்று நேரம் இயல்பாக மூச்சு விடுங்கள், இல்லாவிட்டால் தலை சுற்றும். பின்னர் இன்னும் ஐந்து. விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் இவ்வாறு பத்து மூச்சு எடுப்பதே முதல் வாரங்களின் முக்கிய வேலை. காலையில் ஒரே மூச்சாக நூறு முறை செய்துவிட்டு நாள் முழுதும் சும்மா இருப்பது இதற்கு ஈடாகாது.

வைத்தியசாலையில் தரப்படும் மூன்று பந்துக் கருவியைப் பலர் ஊதுகிறார்கள். அது உறிஞ்சுவதற்கானது. முதற் பந்து எழ விநாடிக்கு 600 மில்லிலீற்றர் வேகத்திலும், மூன்றும் எழ 1200 மில்லிலீற்றர் வேகத்திலும் காற்றை உள்ளிழுக்க வேண்டும். ஆனால் மூன்றையும் ஒரு கணம் துள்ளவைப்பதைவிட, ஒரு பந்தையேனும் நீண்ட நேரம் மேலே நிறுத்துவது நல்லது. பலூன் ஊதச் சொல்லும் உறவினரும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள், எனினும் சுருங்கிய நுரையீரலைத் திறப்பது உள்ளே இழுக்கும் மூச்சுத்தான்.

சளி இருந்தால், மூச்சுப் பயிற்சியின் பின் கண்ணாடியில் ஆவி படியச் செய்வதைப் போல வாயைத் திறந்து 'ஹா' என இரண்டு முறை வேகமாக ஊதி, அதன்பின் இருமுங்கள். இருமும்போது தலையணையைக் காயத்தின் மீது அழுத்திப் பிடித்தால் நோ குறையும். தோளையும் மறந்துவிடக் கூடாது. சுவரருகே நின்று விரல்களால் மேலே ஏறி, முந்தைய நாள் எட்டிய இடத்தைக் கரிக்கோட்டால் குறித்துவைத்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். நெஞ்செலும்பைப் பிளந்து அறுவை செய்யப்பட்டவர்கள் இதையும் பாரம் தூக்குவதையும் தமது இயன்மருத்துவரிடம் கேட்டே தொடங்க வேண்டும்.

அடுத்தது நடை. 30 மீற்றர் நைலோன் கயிற்றால் ஒழுங்கையில் ஒரு சமதரையை அளந்து, ஆறு நிமிடத்தில் எத்தனை மீற்றர் நடக்க முடிகிறதென்று இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை குறித்துக்கொள்ளுங்கள். அண்ணளவாக 30 மீற்றர் கூடினால் அது மெய்யான முன்னேற்றமெனக் கொள்ளலாம். நாளாந்த நடையில், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்பது ஏற்ற வேகம். கல்லடிக் கடற்கரை மணல் கால்களை அதிகம் களைக்கச் செய்வதால் முதலில் வீதியில் நடப்பதே மேல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலேறும் முன் நடையை முடித்துவிடுங்கள். சூடடிக்கும் களத்தின் தூசியும், விறகடுப்புப் புகையும், நுளம்புச் சுருளும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சிகரெட்டும் பீடியும், பயிற்சியால் கிடைப்பதைத் தின்றுவிடும்.

எவ்வளவு காற்றை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் ஸ்பைரோமீற்றர் சோதனை காயம் நன்கு ஆறிய பின் செய்யப்படும். புதிதாக நுரையீரல் சுருங்கியவருக்கும், இருமலில் இரத்தம் வருபவருக்கும் அதை உடனே செய்வதில்லை. சோதனைக்கு இரண்டு மணி நேரம் முன்னர் வயிறு நிரம்பச் சாப்பிடாமலும், ஒரு மணி நேரம் முன்னர் புகைக்காமலும், இடுப்பை இறுக்காத உடையோடும் போங்கள். முழுதாக இழுத்து, வெடிப்பது போல ஊதி, காற்றுத் தீரும் வரை நிறுத்தாமல் ஊத வேண்டும். சரியான மூன்று ஊதல்கள் கிடைக்கும் வரை திரும்பச் சொல்வார்கள். வயதுக்கும் உயரத்துக்கும் 4 லீற்றர் எதிர்பார்க்கப்படும் ஒருவர் 2.8 லீற்றர் ஊதினால் அது 70 சதவீதம். மொத்த அளவு குறைந்திருந்தும், அதில் முதல் விநாடியில் வெளியேறும் பங்கு குறையாதிருந்தால், நெஞ்சு விரியாத குறை என்று ஐயுறலாம். அந்தப் பங்கு 0.70இற்குக் கீழ் இறங்கினால் குழாய்கள் ஒடுங்கிய குறை, அதாவது புகையோ தொய்வோ காரணமாகலாம். அந்நிலையில் பழியைப் பழைய காயத்தின் மீது போடுவது தவறு.

அளவுகள் சரியாக இருந்தும் மூச்சு முட்டுபவர்கள் உண்டு. திருவிழா வெடிச் சத்தத்திலும் நெரிசலிலும் திடீரென நெஞ்சு அடைத்து, விரல் நுனி விறைத்து, மூச்சு வேகமெடுத்தால், அது மனக்காயத்தின் வெளிப்பாடாக இருக்கலாம். நீளமாக வெளிவிடும் மூச்சு அப்போதும் உதவும். ஆனால் அதை மறைக்காமல் கிளினிக்கில் சொல்ல வேண்டும், உளநலப் பிரிவுக்கு அனுப்பக் கேட்பதில் வெட்கமில்லை.

ஆனால் ஒரு பக்க நெஞ்சில் திடீர்க் குத்தலுடன் மூச்சுத் திணறினாலோ, இரத்தம் துப்பினாலோ, கெண்டைக்கால் வீங்கி மூச்சு முட்டினாலோ, குருதியின் ஒட்சிசன் அளவை விரலில் மாட்டும் கருவி 92 சதவீதத்துக்குக் கீழ் காட்டினாலோ, பயிற்சியை நிறுத்தி 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள். காய்ச்சலோடு நாற்றச் சளி வந்தால் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள்.

நெஞ்சுக்குள் துண்டு எஞ்சியிருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் அதைக் கட்டாயம் கூற வேண்டும். காந்தம் இரும்பை அசைக்கக் கூடும். துண்டு இருக்குமிடத்தைக் காட்டும் பழைய எக்ஸ்ரேயைக் கிளினிக் கொப்பியோடு வைத்திருங்கள். 1942இல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹெர்மிஸ் கப்பலைப் பார்க்கச் சுழியோடிகளை அழைத்துச் செல்லும் வேலையில் சேர நினைக்கும் இளைஞர்களுக்கும் ஒன்று: நெஞ்சுக் காயம் பட்டவர் சுவாச வைத்தியரின் அனுமதியின்றி உருளைக் காற்றோடு ஆழத்துக்கு இறங்கக் கூடாது, ஏனெனில் வடுவுள்ள நுரையீரலில் அடைபட்ட காற்று மேலேறும்போது விரிந்து அதைக் கிழித்துவிடலாம்.