என் படியை அளந்து தாரும்: கைக்கு வருவதில் போதுமென்று குடும்பம் நடத்தும் விதம்

வேதாகமத்தில் நீதிமொழிகள் 30-ஆம் அதிகாரத்தில் ஆகூர் என்பவர் ஒரு ஜெபம் பண்ணுகிறார். தரித்திரமும் வேண்டாம், ஐசுவரியமும் வேண்டாம், "என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்" என்று கேட்கிறார். அரிசிப் பானைக்குள் கிடக்கும் படியும் அந்தச் சொல்தான், வேலைக்கு வந்தவருக்கு அளந்து கொடுக்கும் படியும் அந்தச் சொல்தான். அளவு தெரிந்தால்தான் போதும் என்று சொல்ல முடியும். பவுலும் சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதும்போது, எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்க, அதாவது போதுமென்ற மனதோடிருக்கக் "கற்றுக்கொண்டேன்" என்கிறார். கற்றுக்கொள்ளக்கூடியது என்றால் பழகவும் கூடியதுதானே. மாதம் 15,000 முதல் 30,000 ரூபாய்க்குள் வாழும் குடும்பங்கள் அதை எப்படிப் பழகலாம் என்பதை இங்கே பார்ப்போம்.

முதல் மாதம் எழுதினால் போதும்

40 பக்க நோட்டு ஒன்று வாங்கி, வேதப்புத்தகம் இருக்கும் அலமாரியிலேயே வையுங்கள். தேதி, தொகை, எதற்கு, யார் கொடுத்தது என்று நான்கு விவரம் எழுத வேண்டும். இரவு குடும்ப ஜெபம் முடிந்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் ஆகிவிடும். முதல் 30 நாள் எந்தச் செலவையும் குறைக்காதீர்கள். குறைக்கத் தொடங்கிய உடனே வீட்டில் ஆளாளுக்குச் செலவை மறைப்பார்கள், நோட்டு பொய் சொல்லத் தொடங்கிவிடும்.

வாடகையும் பள்ளிக் கட்டணமும் எல்லோருக்கும் மனப்பாடம். கை நழுவுவது 20, 40 ரூபாய்களில்தான். மாலையில் டீயும் வடையும் 40 ரூபாய் என்றால், 26 வேலை நாளுக்கு 1,040 ரூபாய். அதை உடனே நிறுத்தச் சொல்லவில்லை. நாள் முழுக்கக் கொத்துவேலை செய்தவருக்கு அந்த டீ தேவைதான். தெரிந்து செலவழிக்கட்டும், அவ்வளவே. ஜிபே வந்த பிறகு இந்தச் சில்லறை கண்ணில் படுவதே இல்லை. அதனால் ஜிபே-க்கென்று தனிக் கணக்கு ஒன்று வைத்து, வாரத்துக்கு ஒருமுறை குறித்த தொகையை மட்டும் அதில் போடுங்கள். சம்பளக் கணக்கை ஜிபே-யோடு இணைக்க வேண்டாம்.

அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் கடன்களை எழுதுங்கள்: யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எதை அடகு வைத்து. கணவர் சொல்லாமல் வைத்திருக்கும் கைமாற்றும், மனைவி சொல்லாமல் வாங்கிய குழுக் கடனும் இந்தப் பக்கத்தில்தான் வெளியே வரும். அன்றைக்கு மட்டும் யாரும் யாரையும் ஏசக் கூடாது என்று ஜெபத்துக்கு முன்பே பேசி வையுங்கள். அன்று ஏச்சு விழுந்தால் அடுத்த கடன் கட்டாயம் மறைந்துதான் வரும்.

பங்கு போடுவது

இரண்டாம் மாதச் சம்பளம் வந்த அன்றே பிரித்துவிட வேண்டும். நான்கு பேர், வாடகை வீடு, 24,000 ரூபாய் வருமானம் என்று வைத்துக்கொள்வோம். காணிக்கை 2,400, வாடகை 6,000, அரிசி முதல் மீன்வரை சாப்பாட்டுக்கு 7,500, கரண்டு, கேஸ், போன் மூன்றுக்கும் 1,800, பள்ளிக்கும் வேனுக்கும் 2,000, பெட்ரோலும் பஸ்ஸும் 1,200, மருந்து 600, ஆண்டுச் செலவுக்கு 1,800, சேமிப்பு 700. கூட்டினால் சரியாக 24,000. உங்கள் ஊரில் தொகைகள் மாறும். ஆனால் ஆண்டுச் செலவு என்ற பங்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். நடுத்தர வருமானக் குடும்பங்கள் கடனில் விழுவது பெரும்பாலும் அந்த ஓட்டையில்தான்.

கிறிஸ்துமஸ் டிசம்பர் 25-ல் வரும் என்று ஜனவரியிலேயே தெரியும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் என்பதும் தெரியும். இருந்தும் வருஷா வருஷம் அது திடீர்ச் செலவாகவே வந்து நிற்கிறது. ஒரு தாளில் எழுதுங்கள்: கிறிஸ்துமஸ் துணி, பலகாரம், விருந்து 8,000, பள்ளி தொடங்கும்போது புத்தகம், ஷூ, பை 6,000, எட்டுக் கல்யாணத்துக்கு 500 வீதம் மொய் 4,000, வண்டி இன்சூரன்ஸும் சர்வீசும் 2,000, அசன வரி (சபை விருந்துக்குப் போடும் வரி), ஸ்தோத்திரப் பண்டிகைக் காணிக்கை 1,600. மொத்தம் 21,600. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,800. இதை வங்கியிலோ தபால் நிலையத்திலோ தனிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள், ஏடிஎம் கார்டு வாங்க வேண்டாம். பதிவு இல்லாத கிறிஸ்துமஸ் சீட்டில் போடாதீர்கள். நடத்துபவர் நம் சபை விசுவாசிதான் என்பது பணத்துக்கு ஜாமீன் ஆகாது. அவர் நல்லவராகவே இருக்கலாம். பத்துப் பேர் கட்டாமல் போனால் அவர் எங்கிருந்து தருவார்? சீட்டுதான் வேண்டும் என்றால் 1982-ஆம் ஆண்டு சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவான சீட்டா என்று பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள்.

காணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே பத்தில் ஒன்று என்று போட்டிருக்கிறது. கடன் கழுத்தை நெரிக்கும் வீட்டில் அது முடியாமல் போகலாம். ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று 2 கொரிந்தியர் 8-ல் எழுதியிருக்கிறது. 500 ரூபாய்தான் முடியும் என்றால் 500-ஐ முதலில் எடுத்து வையுங்கள். வட்டிக்கு வாங்கிக் காணிக்கை போடுவதும், கூட்டத்தில் கேட்ட வாக்குறுதியை நம்பி வளையலைக் கழற்றிப் போட்டுவிட்டு வீட்டில் வந்து அழுவதும் வேண்டாம். விதைத்தால் நூறு மடங்கு பணம் வரும் என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பது வேறு வகைச் சீட்டு. அது காணிக்கை ஆகாது.

வருமானம் ஒரே மாதிரி வராதவர்களுக்கு

தூத்துக்குடி உப்பளத்தில் மழைக்காலத்தில் வேலை கிடையாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. கொத்தனார், பெயின்டருக்கு ஐப்பசி, கார்த்திகை கஷ்டம். இவர்களுக்கு மாதச் சம்பளக் கணக்கு உதவாது. நல்ல மாதத்தில் 18,000 வீதம் பத்து மாதம் வருகிறது, இரண்டு மாதம் ஒன்றுமில்லை என்றால், ஆண்டு வருமானம் 1,80,000. பன்னிரண்டால் வகுத்தால் 15,000. ஆகவே இந்த வீட்டின் படி 15,000 ரூபாய்தான். நல்ல மாதத்தில் 3,000-ஐக் கையில் தொடாமல் ஒதுக்கினால் வேலையில்லாத இரண்டு மாதத்துக்கும் 30,000 நிற்கும். வாரக்கூலி வாங்குபவர்கள் சனிக்கிழமை இரவே, கடைவீதிக்குப் போகும் முன்பு, 700 முதல் 750 ரூபாயைப் பிரித்துவிட வேண்டும். திங்கள்கிழமை பிரிக்கலாம் என்று விட்டால் பிரிக்க ஒன்றும் இருக்காது.

வாங்குமுன் ஒரு மாதத் தாள்

1,000 ரூபாய்க்கு மேல் எந்தப் பொருள் வேண்டுமென்றாலும் பீரோக் கதவில் ஒட்டிய தாளில் தேதியோடு எழுதி 30 நாள் காத்திருங்கள். மருந்து, உடைந்துபோன அடுப்பு, பிள்ளையின் பரீட்சைக் கட்டணம் இவற்றுக்கு இந்த விதி கிடையாது. 30 நாள் கழித்தும் வேண்டும் என்றால் வாங்கலாம், ஆனால் ரொக்கத்துக்கு. இரண்டு மாதம் இப்படிச் செய்தாலே, எழுதியதில் எத்தனையைத் தானே மறந்துவிட்டோம் என்பது தெரியும்.

தாளில் பெரியவர்களின் பெயரும் இருக்க வேண்டும். அப்பா போன் மாற்றும்போது தாளே இல்லாமல், மகள் கொலுசு கேட்டால் மட்டும் தாளில் எழுது என்றால் பிள்ளைக்கு வேறொரு பாடம் போய்ச் சேரும். "நம்மகிட்ட காசு இல்லைம்மா" என்று எப்போதும் சொல்லாமல், "இந்த மாசம் இதுக்கு எடுத்து வைக்கலைம்மா, தாள்ல எழுது, பார்ப்போம்" என்று சொல்லுங்கள். முதலாவது பிள்ளையைக் கூச வைக்கும். இரண்டாவது அளக்கக் கற்றுக்கொடுக்கும்.

வட்டி

மூன்று வட்டி என்றால் சின்னதாகத் தோன்றும். நூறுக்கு மாதம் 3 ரூபாய், ஆண்டுக்கு 36 சதவீதம். 20,000 வாங்கினால் மாதம் 600 வட்டி. ஓராண்டில் 7,200 கட்டிய பிறகும் அசல் 20,000 அப்படியே நிற்கும். இதற்கு வழி: வீட்டில் சும்மா கிடக்கும் நகையை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்து இதை ஒரே நாளில் அடைத்துவிடுவது. அங்கே பொதுவாக ஆண்டுக்கு 12 சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோதான் வரும், 12 என்றே வைத்தாலும் 20,000-க்கு மாதம் 200. வட்டிக்காரருக்குக் கட்டிய 600-ஐயும் சேமிப்புப் பங்கான 700-ஐயும் சேர்த்து மாதம் 1,300 அங்கே கட்டினால் 17 மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். 12 மாதம் முடிந்ததும் மறு அடகு வைக்கச் சொல்வார்கள், அதற்குள் அசல் பாதிக்குமேல் குறைந்திருக்கும். இதில் கெடுவது ஒரே இடத்தில்தான்: வட்டிக்காரரிடம் கணக்கு முடிந்ததும் மூச்சு விட்டதுபோல் இருக்கும், அவரிடமே மறுபடி 5,000 வாங்கத் தோன்றும். புரோநோட்டை அன்றே திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள்.

கடைத் தவணையில் "12 சதவீத ஃபிளாட் வட்டி" என்றால் கவனம். 50,000-க்கு இரண்டு ஆண்டில் 12,000 வட்டி சேர்த்து மாதம் 2,583 கட்டுவீர்கள். மாதந்தோறும் அசல் குறைந்தாலும் வட்டி முழுத் தொகைக்கே போடுவதால், உண்மையில் அது 21 சதவீதத்துக்கு மேல் போகிறது. கந்துவட்டிக்காரர் வீட்டு வாசலில் வந்து மிரட்டினால் வெட்கப்பட்டு ஒளியாதீர்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் அதற்கெதிராகச் சட்டம் இருக்கிறது, காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

சபைக்குள் வரும் ஒப்பீடு

போதுமென்ற மனது உடைவது கடைவீதியில் என்று நினைக்கிறோம். உண்மையில் அது கோவில் வாசலில்தான் அதிகம் உடைகிறது. கிறிஸ்துமஸ் அன்று யார் என்ன சேலை, கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்த மூன்று ஞாயிறும் பெண்ணுக்கு எத்தனை பவுன் என்று நடக்கும் விசாரிப்பு, இவைதான் பலரைக் கடனில் தள்ளுகின்றன. கல்யாணத்துக்கு முதலில் மண்டபம் பேசாதீர்கள். முதலில் தொகையை எழுதுங்கள், பிறகு ஆள் எண்ணிக்கை, அதற்குப் பிறகுதான் மண்டபம். 300 ரூபாய் இலைக்கு 400 பேர் என்றால் சாப்பாடே 1,20,000. அதே 400 பேருக்குக் கோவில் வளாகத்தில் கேக்கும் டீயும் கொடுத்து, விருந்தை 100 பேரோடு நிறுத்தினால் 30,000-த்தோடு டீச்செலவுதான் சேரும். வரதட்சணை 1961 முதல் சட்டப்படி குற்றம். மாப்பிள்ளை வீட்டார் ஜெபம் பண்ணிவிட்டுக் கேட்டாலும் அது வரதட்சணைதான்.

ஒப்பீட்டுக்கு ஒரு சின்ன மருந்து உண்டு. இரவு ஜெபத்தில் ஒவ்வொருவரும் அன்று கிடைத்த ஒன்றைப் பெயர் சொல்லி ஸ்தோத்திரிப்பது. "எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம்" என்று மொத்தமாகச் சொல்லவிடாதீர்கள். "மதியம் சாளை மீன் கிடைச்சதுக்கு", "பஸ்ல உட்கார இடம் கிடைச்சதுக்கு" என்று சொல்லட்டும். பெயர் சொல்லும் கண்தான் அளவைப் பார்க்கும்.

எங்கே போதும் என்று சொல்லக் கூடாது

முதலாளி பேசிய கூலியைப் பிடித்து வைத்தால் பொறுத்துப் போவது திருப்தி ஆகாது. பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார், கேட்டு வாங்குங்கள். ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அரிசி குழைகிறது என்றால் பழைய அரிசியோடு பாதிப் பாதி கலந்து வடியுங்கள், இட்லிக்கு அப்படியே போடலாம். ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருப்பவர்கள் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்து வையுங்கள். வலியையும் மார்பில் தெரியும் கட்டியையும் விசுவாசத்தோடு தாங்கிக்கொள்கிறேன் என்று தள்ளிப்போடுவது மனரம்மியம் இல்லை.

பிடியரிசி

சமைக்க அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்துச் சேர்த்து ஊழியத்துக்குக் கொடுப்பதுதான் பிடியரிசி, நெல்லைச் சபைகளின் பழைய வழக்கம் இது. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் நம் பணத்திலேயே ஊழியரை அனுப்புவோம் என்று துணிந்தவர்கள் செல்வச் சபைகள் இல்லை, பனையேறிப் பிழைத்தவர்களும் அதில் இருந்தார்கள். உலைக்கு அரிசி அளந்ததும், களையும் முன்பு, அளந்ததிலிருந்தே ஒரு பிடி அள்ளிக் கலயத்தில் போடுவார்கள். அளந்ததிலிருந்து எடுப்பதுதான் முக்கியம். பானையிலிருந்து கூடுதலாக ஒரு பிடி அள்ளினால் அது நம் சாப்பாட்டைத் தொடாது.

ஒரு பிடி 40 முதல் 50 கிராம் வரும். ஒரு வேளை உலை வைக்கும் வீட்டில் மாதத்துக்கு 1¼ முதல் 1½ கிலோ சேரும். அந்த வேளையில் யாருக்கும் சோறு குறைந்ததாகத் தெரியாது, வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள். அள்ளும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். சின்னக் கைக்குப் பிடி சிறியதாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

கலயத்தை நன்றாக வெயிலில் காயவைத்து, அடியில் உலர்ந்த வேப்பிலை நாலைந்து போட்டு, துணியால் வாயைக் கட்டுங்கள். ஈரக் கையால் தொடக் கூடாது, கட்டி பிடித்துவிடும். ரேஷன் அரிசியும் கடை அரிசியும் கலந்திருந்தால் மறைக்க வேண்டாம், சபையில் அதை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். வீட்டில் அரிசியே தீர்ந்த நாள் வந்தால் கலயத்து அரிசியை எடுத்துப் பொங்குங்கள், அதில் பாவமில்லை. ஆனால் அந்த வாரமே சபை ஊழியரான உபதேசியாரிடமோ பெண்கள் ஐக்கியத்திலோ சொல்லுங்கள், உங்கள் வீட்டில் உலை வைக்க அரிசி இல்லாமல் போனது சபைக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான்கு வாரத்துக்கு மேல் கலயத்தில் வைக்காதீர்கள். வண்டு விழுந்துவிடும்.