நகர மன்றக் கூட்டப் பொருள்களை ஆறு மாதம் முன்பே திட்டமிடுவது எப்படி?

மன்றம் எடுத்துப் பேச வேண்டிய பொருள்களின் பட்டியல் கூட்டத்துக்கு முதல் நாள் மாலையில்தான் இறுதியாகிறது என்றால், அந்த நகரத்தின் முன்னுரிமைகளை யாரும் தீர்மானிக்கவில்லை என்று பொருள். எந்தக் கோப்பு முந்திக்கொண்டு வந்ததோ அதுதான் தீர்மானித்திருக்கிறது. இதை மாற்றுவது மேயர், ஆணையர், மன்றச் செயலர், பொருள்களை மன்றத்துக்கு முன் ஆராயும் நிலைக்குழுக்களின் தலைவர்கள் ஆகியோரின் கையில்தான் இருக்கிறது. ஓராண்டு நாட்காட்டி ஒன்று, அடுத்த ஆறு மாதத்துக்கான முன்பட்டியல் ஒன்று, ஒவ்வொரு கூட்டத்துக்கும் பின்னோக்கி எண்ணிய கெடு நாள்கள்: இவ்வளவுதான் கருவிகள். மூன்றையும் ஒரே விரிதாளில் வைத்துக்கொள்ளலாம். தனி மென்பொருள் தேவையில்லை. தினமும் அதைத் திறந்து பார்க்கும் ஓர் ஆள் தேவை.

நகராத தேதிகள் முதலில்

நாட்காட்டியில் முதலில் ஏற வேண்டியவை நம் விருப்பத்துக்கு வளையாத தேதிகள். பட்ஜெட், ஆண்டுக் கணக்கு, தணிக்கை அறிக்கைக்கான பதில், வரி அல்லது கட்டண மாற்றம், குழுத் தேர்தல்கள், மானியத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள், மழைக்கால முன்னேற்பாடு, தேர்தல் நடத்தை விதிகளால் புதிய அறிவிப்பு எதுவும் செய்ய முடியாத வாரங்கள் எல்லாம் இதில் அடங்கும். அடுத்து, வரும் 18 மாதத்தில் காலாவதியாகும் ஒப்பந்தங்களும் குத்தகைகளும். இந்த இரண்டாவது பட்டியலைத்தான் பல மன்றங்கள் போடுவதே இல்லை.

குப்பை அள்ளும் ஒப்பந்தம் டிசம்பர் 31-இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய ஒப்பந்ததாரர் வண்டியும் ஆளும் திரட்ட 60 நாள் வேண்டும். ஆகவே பணி ஆணை அக்டோபர் இறுதிக்குள் போயாக வேண்டும். ஒப்பந்தப்புள்ளிகளை ஆராய்ந்து, விளக்கம் கேட்டு, மன்ற ஒப்புதல் பெற இன்னொரு 60 நாள். ஆகஸ்ட் இறுதியில் ஒப்பந்தப்புள்ளிகள் திறக்கப்பட்டிருக்க வேண்டும். அறிவிப்புக்கு 45 நாள் விட்டால் ஜூலை நடுவில் விளம்பரம். ஆவணம் எழுதவும் மதிப்பீட்டுக்கு அனுமதி வாங்கவும் 90 நாள் என்றால் ஏப்ரல் நடுவில் வேலை தொடங்கியிருக்க வேண்டும். எடைக்குப் பணமா, வீட்டுக்குப் பணமா, நகரம் முழுவதும் ஒரே ஒப்பந்ததாரரா, மண்டலவாரியாகவா என்ற கொள்கை விவாதம் அதற்கும் முன்னால் வர வேண்டும். பிப்ரவரியிலோ மார்ச்சிலோ அதை மன்றத்தில் பேசியாக வேண்டும்.

அதைத் தவறவிட்ட நகரத்தில் நடப்பது எப்போதும் ஒன்றே. நவம்பரில் அவசரப் பொருளாகக் கால நீட்டிப்பு வரும். மறுத்தால் தெருவில் குப்பை தேங்கும் என்பதால் மன்றம் ஏற்கும். பழைய விலையும் பழைய குறைகளும் இன்னொரு ஆண்டு தொடரும். இதை ஒப்பந்ததாரரின் சாமர்த்தியம் என்று குறை சொல்வது வீண். பிப்ரவரிக் கூட்டத்தில் இருக்க வேண்டிய ஒரு வரி அங்கே இல்லாமல் போனதுதான் காரணம்.

முன்னுரிமை என்றால் ஐந்துக்கு மேல் வேண்டாம்

துறைகள் அடுத்த பட்ஜெட் மதிப்பீட்டைத் தொடங்குவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பாக ஒரு முழு நாளை முன்னுரிமை பேசுவதற்கென ஒதுக்குங்கள். பட்ஜெட் தயாரான பிறகு உட்கார்ந்தால் அது பேச்சாகவே முடியும். அன்றைக்கு ஒவ்வொருவர் கையிலும் நான்கு தாள்கள் இருக்க வேண்டும். முதலாவது பணம்: மொத்த வருவாயிலிருந்து சம்பளம், ஓய்வூதியம், கடன் தவணை, ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தங்கள் ஆகியவற்றைக் கழித்தபின் மிஞ்சுவது எவ்வளவு. இரண்டாவது, கடந்த 12 மாதப் புகார்கள், வார்டுவாரியாக, வகைவாரியாக. மூன்றாவது, தணிக்கை ஆட்சேபங்கள். நான்காவது, தீர்மானம் நிறைவேறியும் வேலை நடக்காத பொருள்கள். நான்காவது தாள் சங்கடமானது. ஆனால் அதைத் தவிர்த்துவிட்டுப் புதிதாக வாக்குறுதி சேர்க்கும் மன்றம் அடுத்த ஆண்டு அதே தாளை இன்னும் நீளமாகப் பார்க்கும்.

பேச்சைத் தொடங்குமுன் அதிகாரச் சோதனை. முன்மொழிவுகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: நாமே செய்யக்கூடியவை, பிற அமைப்போடு சேர்ந்து செய்பவை, நம் கையில் இல்லாதவை. இந்தியாவில் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், பன்னிரண்டாம் அட்டவணையில் நகர அமைப்புகளுக்கென 18 பணிகளைக் காட்டுகிறது. ஆனால் அவற்றை ஒப்படைக்கும் முடிவு 243W பிரிவின்படி மாநிலச் சட்டமன்றத்திடம் இருக்கிறது. அட்டவணையில் குடிநீர் இருக்கிறது என்பதால் அது மன்றத்தின் கையில் இருக்கிறது என்று ஆகிவிடாது. தனி வாரியத்திடம் இருக்கலாம். எந்த நாட்டிலும் இதுபோன்ற பிரிவினை உண்டு. மூன்றாவது குவியலில் உள்ளதை முன்னுரிமையாக அறிவித்தால், ஆண்டு முழுவதும் கடிதம் எழுதுவது மட்டுமே வேலையாகிவிடும்.

முன்னுரிமையை எழுதும் முறையிலேயே பாதி வெற்றி. ‘வெள்ளமில்லா நகரம்’ என்பது சுவரொட்டி வாசகம். ‘ஆண்டுதோறும் நீர் தேங்கும் 20 இடங்களில் 12-இல், வரும் மழைக்காலத்துக்கு முன் வடிகால் இணைப்பை முடித்து, மழை விட்ட 4 மணி நேரத்தில் நீர் வடியச் செய்தல், பொறுப்பு தலைமைப் பொறியாளர்’ என்பது முன்னுரிமை. எவ்வளவு, எப்போதைக்குள், யார் என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரவில்லை என்றால் அதைத் திருப்பி அனுப்புங்கள்.

உறுப்பினர்கள் தத்தம் வார்டுக்காகப் பேசுவது அவர்கள் கடமை. அதனால்தான் எல்லாவற்றையும் வார்டுகளுக்குச் சமமாகப் பங்கிடும் பழக்கம் வந்துவிடுகிறது; 12 இடங்களில் முடிய வேண்டிய வடிகால் எல்லா வார்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டப்பட்டு எங்குமே இணையாமல் கிடக்கிறது. வார்டு நிதி என்று ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கி, தெருவிளக்கு, நடைபாதை போன்ற சிறு பணிகளை உறுப்பினர் விருப்பத்துக்கே விட்டுவிடுவது நல்லது. நகர முன்னுரிமைப் பணம் அதோடு கலக்கக் கூடாது.

மக்கள் கருத்தையும் இந்தக் கட்டத்திலேயே கேட்க வேண்டும். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-இல் தொடங்கிய பங்கேற்பு பட்ஜெட் முறையில், பகுதிக் கூட்டங்கள் பட்ஜெட் மன்றத்துக்கு வருவதற்குப் பல மாதம் முன்பே நடந்தன. வரைவு அச்சான பிறகு கூட்டம் போட்டால் வருகிறவர்களுக்கே தெரிந்துவிடும், எதுவும் மாறப்போவதில்லை என்று.

ஆறு மாத முன்பட்டியல்

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரிசை. அதில் இருக்க வேண்டிய கட்டங்கள்: தலைப்பு, துறை, பொறுப்பு அலுவலர் பெயர், எந்த முன்னுரிமையைச் சேர்ந்தது, பணம் பட்ஜெட்டின் எந்தத் தலைப்பிலிருந்து, நிலைக்குழு தேதி, மன்றத் தேதி, மேலிட அனுமதி வேண்டுமா, பொருளின் வகை. வகை என்பது மூன்று: அறிதலுக்கு, விவாதத்துக்கு, முடிவுக்கு. இந்த ஒரு கட்டம் நேர்மையாக நிரப்பப்பட்டாலே கூட்டம் மாறிவிடும். எதற்காக வந்திருக்கிறது என்று தெரியாத பொருளில்தான் ஒரு மணி நேரம் கரைகிறது.

பெரிய கொள்கை ஒன்றை ஒரே கூட்டத்தில் அறிமுகப்படுத்தி நிறைவேற்ற முயல வேண்டாம். வாகன நிறுத்தக் கட்டணத்தை எடுத்துக்கொண்டால், முதல் கூட்டத்தில் நிலவரத்தைச் சொல்லித் திசை கேட்கலாம். 20 நிமிடம் போதும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து இரண்டு மூன்று மாற்று வழிகளோடு விவாதம். மூன்றாம் முறை முடிவு. நீளமாகத் தோன்றும் இந்த வழியில்தான் பொருள் பெரும்பாலும் ஒரே வாக்கெடுப்பில் முடிகிறது. குறுக்குவழியில் வந்த பொருள் ஒத்திவைக்கப்பட்டு, வழக்காகி, திரும்பவும் வரும்.

முன்பட்டியலைப் பொதுமக்கள் பார்வைக்கும் வையுங்கள். இங்கிலாந்தின் உள்ளாட்சி நிர்வாகங்கள் முக்கிய முடிவு எடுப்பதற்கு 28 நாள் முன்பே அதைப் பொதுவில் அறிவிக்க வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. சட்டம் கேட்காத இடத்திலும் இது நல்ல வழக்கம். எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பது ஒரு மாதம் முன்பே தெரிந்துவிடும்.

ஒரு கூட்டத்துக்கு இரண்டு பெரிய முடிவுகள் போதும். மூன்றாவது வந்தால் அடுத்த மாதத்துக்குத் தள்ளுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: சட்ட அலுவலர், நிதி அலுவலர் இருவரின் மேசைதான் எப்போதும் அடைபடும் இடம். ஒரே மாதத்தில் நான்கு துணைவிதிகள் வரிசையில் நின்றால், நான்குமே அரைகுறையாகத்தான் வெளியே வரும்.

கூட்ட நாளிலிருந்து பின்னோக்கி

மாதம் ஒரு கூட்டம் என்றால் இந்தக் கணக்கு ஒத்துவரும்.

35 நாள் முன்: துறை தலைப்பையும் ஒரு பத்திக் குறிப்பையும் செயலரிடம் கொடுக்கும்.
28 நாள் முன்: மேயர், ஆணையர், செயலர் கூடிப் பொருள்களைச் சலிப்பார்கள்.
21 நாள் முன்: முழு வரைவு நிதி, சட்டப் பிரிவுகளுக்குப் போகும். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினால் ஒரு வாரம் போய்விடும்.
14 நாள் முன்: நிலைக்குழு.
10 நாள் முன்: பட்டியல் இறுதி. அதன்பின் சேர்க்கை இல்லை.
7 நாள் முன்: உறுப்பினர்களுக்கும் பொதுமக்களுக்கும் வெளியீடு.
2 நாள் முன்: உறுப்பினர் கேள்விகளுக்கு எழுத்தில் பதில், கேட்டவருக்கு மட்டுமின்றி எல்லோருக்கும்.

சட்டப்படியான அறிவிப்புக் காலம் இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ளாட்சிக் கூட்டங்களைப் பொதுவில் நடத்தச் சொல்லும் பிரவுன் சட்டம், வழக்கமான கூட்டங்களுக்கு 72 மணி நேரம் முன்பே பட்டியலை ஒட்டச் சொல்கிறது. இங்கிலாந்தில் ஐந்து முழு நாள்கள். ‘முழு நாள்’ என்ற சொல்லில்தான் பலர் தவறுகிறார்கள்: அறிவிப்பு கொடுத்த நாளும் கூட்ட நாளும் கணக்கில் சேராது. வார விடுமுறையையும் கழித்துப் புதன்கிழமைக் கூட்டத்துக்கு எண்ணினால், முந்தைய வாரச் செவ்வாய்க்கிழமையே அறிவிப்பு வெளியாகியிருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தால் நல்ல தீர்மானமும் நீதிமன்றத்தில் நிற்காமல் போகலாம்.

கூட்டத்துக்கு முன் உறுப்பினர்களுக்கு விளக்கம் தருவதிலும் எல்லை உண்டு. அதே பிரவுன் சட்டத்தின்படி, பெரும்பான்மை உறுப்பினர்கள் பொதுக் கூட்டத்துக்கு வெளியே, ஒருவர் மாற்றி ஒருவராகத் தூது அனுப்பிக்கூட, ஒரு பொருளை விவாதிக்கக் கூடாது. அலுவலர் தகவல் விளக்கலாம். மற்றவர் எப்படி வாக்களிப்பார் என்று சுமந்து செல்லக் கூடாது. உங்கள் ஊர்ச் சட்டம் எதைத் தடுக்கிறது என்று செயலர் ஒரு பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் கொடுத்துவைப்பது நல்லது.

குறிப்பும் வரிசையும்

மன்றக் குறிப்பு இரண்டு பக்கம். முதல் வரியிலேயே மன்றம் என்ன செய்ய வேண்டும் என்ற தீர்மான வாசகம் வர வேண்டும், வரலாறு பிற்பாடு. கட்டும் செலவோடு ஐந்து ஆண்டுப் பராமரிப்புச் செலவையும், அது எந்தத் தலைப்பிலிருந்து வரும் என்பதையும் எழுதுங்கள். கட்டித் திறந்த கழிப்பறையும் பூங்காவும் பூட்டிக் கிடப்பது இந்த ஒரு வரி இல்லாததால்தான். ஒரு மாற்று வழியாவது இருக்கட்டும். ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதும் ஒரு மாற்று வழிதான்.

கூட்டம் 180 நிமிடம் என்றால் 140 நிமிடத்துக்கு மட்டும் திட்டமிடுங்கள். விவாதம் தேவைப்படாத வழக்கப் பொருள்களை ஒரே தொகுப்பாக வைத்து ஒரே வாக்கெடுப்பில் முடிக்கலாம், ஓர் உறுப்பினர் கேட்டாலும் அந்தப் பொருளைத் தொகுப்பிலிருந்து பிரித்தெடுக்கும் உரிமையோடு. சர்ச்சைக்குரிய பொருளைத் தொகுப்புக்குள் ஒளித்துவைத்தால் அடுத்த கூட்டத்திலிருந்து எல்லாப் பொருளும் பிரிக்கப்படும். நம்பிக்கை போனால் திரும்பாது. கடினமான முடிவை முதல் ஒரு மணி நேரத்துக்குள் வையுங்கள். கடைசியில் வைத்தால் இருக்கைகள் காலியாகி, குறைவெண் (கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) இல்லை என்று யாராவது எழுந்து சொல்வார்கள்.

அவசரப் பொருளுக்கு ஒரே கேள்வி: அடுத்த கூட்டம் வரை காத்திருந்தால் உயிருக்கோ சட்டத்துக்கோ பணத்துக்கோ என்ன நட்டம்? பதிலை எழுத்தில் கேளுங்கள், பதிவேட்டில் சேருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எந்தத் துறை அதிக அவசரப் பொருள் கொண்டுவந்தது என்று எண்ணிப் பாருங்கள். அங்கே நாட்காட்டி வேலை செய்யவில்லை.

கூட்டம் முடிந்து இரண்டு வேலை நாளுக்குள் தீர்மான எண், செய்ய வேண்டிய வேலை, பொறுப்பு அலுவலர், கெடு ஆகியவை மட்டும் கொண்ட ஒரு தாள் துறைகளுக்குப் போக வேண்டும். நடவடிக்கைக் குறிப்பு முழுதாக எழுதி முடியும்வரை காத்திருக்க வேண்டாம். ஒத்திவைத்த பொருளுக்கு அன்றே திரும்பும் தேதி போடுங்கள். தேதியில்லாமல் ஒத்திவைத்தது முன்பட்டியலிலிருந்தே காணாமல் போய்விடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐந்து முன்னுரிமைகளையும் எடுத்துப் பாருங்கள். ஆறாவதாக ஒன்றைச் சேர்க்க யாராவது கேட்டால், எதை எடுத்துவிடலாம் என்பதையும் அவரையே முன்மொழியச் சொல்லி, இரண்டையும் ஒரே வாக்கெடுப்புக்கு விடுங்கள்.