துப்பாக்கியை உறையில் செருகும்போது நடக்கும் தவறுகள்

கைத்துப்பாக்கி "தானாக வெடித்துவிட்டது" என்று செய்தி வந்தால், அது எந்த நேரத்தில் வெடித்தது என்று கொஞ்சம் தேடிப் பாருங்கள். சுடும்போதோ, உறையிலிருந்து உருவும்போதோ அல்ல, வேலையெல்லாம் முடிந்து திரும்ப இடுப்பில் செருகும்போதுதான் என்று பல சம்பவங்களில் தெரியவரும். உருவும்போது எல்லாருக்கும் பயம் இருக்கிறது, செருகும்போது மனசு ஏற்கெனவே டீக்கடைக்குப் போய்விடுகிறது.

மதுரையில் லைசென்ஸ் துப்பாக்கி ஒன்றும் வீட்டுக்கு வீடு இல்லை. தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக்கடை வைத்திருப்பவர், உசிலம்பட்டிப் பக்கம் பெரிய தோட்டம் உள்ளவர், ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தவர், பெரிய புள்ளிகளோடு சஃபாரி உடையில் சுற்றும் கன்மேன் என்று ஒரு சிறிய கூட்டம்தான். இதில் பலர் தினமும் சுமக்கிறார்கள், ஆனால் எடுத்து வைத்துப் பழகுவதே இல்லை. பிரச்சினையே அங்குதான்.

முதலில் சட்டை. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையில் போட்டு, வெளியே தெரியாமல் மூடித்தான் கொண்டுபோக வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் யார் கோட்டு போடுவது? சட்டையை வெளியே விட்டுக்கொள்வதுதான் வழி. அந்தச் சட்டையின் ஓரம், துப்பாக்கியை உறைக்குள் இறக்கும்போது கூடவே உள்ளே போய் ட்ரிக்கர் வளையத்தில் மாட்டிக்கொள்கிறது. சிக்கிய துணி ட்ரிக்கரைப் பிடித்து நிறுத்துகிறது, கையோ துப்பாக்கியைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான், வெடித்துவிடும். குண்டு தொடையிலோ முழங்காலுக்குக் கீழேயோ போகும், ஏனென்றால் உறைக்கு நேர் கீழே இருப்பது உங்கள் கால்தான்.

"என்னுடையது க்ளாக் பிஸ்டல், அதில் தானாக வெடிக்காமல் தடுக்க மூன்று சேஃப்டி இருக்கிறது" என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கிறது, உண்மைதான். ஆனால் கட்டைவிரலால் தட்டிப் பூட்டுகிற சேஃப்டி பொதுவாக அதில் கிடையாது. ட்ரிக்கரை அழுத்தினால் மூன்றும் விலகிவிடும், அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். சுமார் இரண்டரை கிலோ அழுத்தம் போதும். அழுத்துவது விரலா சட்டை நுனியா என்று அதற்குத் தெரியாது. ஹேமரை, அதாவது தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கிற பின்பக்கச் சுத்தியலை, இழுக்காமல் ரிவால்வரைச் சுட வேண்டுமென்றால் கிட்டத்தட்ட அதைப்போல இரண்டு மடங்கு அழுத்த வேண்டும், அதனால் ரிவால்வர்காரர்களுக்குக் கொஞ்சம் சலுகை. கொஞ்சம்தான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். இடது கையால் சட்டையை நெஞ்சு வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, ஆள்காட்டி விரலை ட்ரிக்கரிலிருந்து எடுத்துத் துப்பாக்கியின் பக்கவாட்டில் நேராக நீட்டி வைத்துக்கொண்டு, மெதுவாக இறக்குங்கள். நடுவில் எங்காவது தட்டினால் அழுத்தவே கூடாது, முழுதாக வெளியே எடுத்து என்ன மாட்டியது என்று பாருங்கள். பார்க்காமலே "சரக்"கென்று செருகுவதெல்லாம் சினிமாவில் அழகாக இருக்கும், அங்கே உள்ளே இருப்பது டம்மி. உருவுவதற்கு அவசரம் இருக்கலாம், திரும்ப வைக்க என்ன அவசரம்? ஹேமர் வெளியே தெரியும் துப்பாக்கியாக இருந்தால் இன்னொரு வசதி உண்டு: செருகும்போது கட்டைவிரலை ஹேமரின் மேல் அழுத்தி வையுங்கள். உள்ளே ஏதாவது ட்ரிக்கரை இழுத்தால் ஹேமர் எழும்பும், கட்டைவிரல் அதை உடனே உணர்ந்துவிடும். அதற்கும் முன்னால் ஹேமர் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இழுத்து நிறுத்திய ஹேமரோடு ரிவால்வரை இடுப்பில் வைப்பவருக்குப் பக்கத்தில் நான் உட்கார மாட்டேன்.

அடுத்து உறை. தோல் உறை நல்லதுதான், புதிதாக இருக்கும்வரை. நம் ஊர் வியர்வையை வருடக்கணக்கில் குடித்த தோல் பழைய செருப்பு மாதிரி நெகிழ்ந்துபோய், வாய்ப்பகுதி உள்பக்கமாக மடிந்துவிடும். அந்த மடிப்பே விரல் போல ட்ரிக்கர் வளையத்துக்குள் நுழைந்து வெடிக்க வைத்திருக்கிறது. பட்டன் வைத்த வார் உள்ள உறைகளில் அந்த வாரும் இதே வேலையைச் செய்யும். ட்ரிக்கரை முழுதாக மூடுகிற, துப்பாக்கியை வெளியே எடுத்த பிறகும் வாய் திறந்தே நிற்கிற, உங்கள் மாடலுக்கென்றே செய்த கெட்டியான உறை வேண்டும். துப்பாக்கிக்கு அத்தனை பணம் கொடுத்துவிட்டு உறையில் மட்டும் மிச்சம் பிடிப்பவர்களை என்ன சொல்ல.

உறையே இல்லாமல் வேட்டி மடியிலும் பேன்ட் இடுப்பிலும் செருகுகிறவர்களுக்கு ஒரு கதை. 2008 நவம்பரில் பிளாக்ஸிகோ பர்ரஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் நியூயார்க்கில் ஒரு கிளப்புக்குப் போனபோது இடுப்பில் செருகியிருந்த க்ளாக் காலுக்குள் நழுவியது, பிடிக்கப் போனார், வெடித்துத் தொடையில் பாய்ந்தது. அந்த ஊரில் செல்லுபடியாகும் லைசென்ஸும் இல்லாததால் இரண்டு வருட சிறைத் தண்டனை வேறு.

இதில் இன்னொரு தவறும் இருக்கிறது: விழுகிற துப்பாக்கியைப் பிடிக்கப் போவது. கழிப்பறையில் பெல்ட்டைத் தளர்த்தும்போது இது சாதாரணமாக நடக்கும். இப்போது வருகிற நல்ல துப்பாக்கிகள் விழுந்தாலும் வெடிக்காதபடி செய்யப்பட்டவை, ஆனால் அந்தரத்தில் துழாவும் கை முதலில் போய் நிற்கிற இடம் ட்ரிக்கர். விழட்டும், விடுங்கள். கீறல் விழுந்தால் பரவாயில்லை.

பழைய ரிவால்வர் விஷயம் வேறு. ஹேமருக்கு நேராகத் தோட்டா இருந்து, நடுவில் தடுப்புப் பட்டை இல்லாத மாடலாக இருந்தால், கீழே விழுந்து ஹேமரில் அடிபட்டாலே வெடிக்கும். 1876இல் வயட் அர்ப் என்ற பிரபல அமெரிக்கப் போலீஸ்காரர் நாற்காலியில் சாய்ந்தபோது ரிவால்வர் உறையிலிருந்து நழுவி விழுந்து இப்படித்தான் வெடித்தது. 2024 அக்டோபரில் மும்பையில் நடிகர் கோவிந்தாவின் காலில் குண்டு பாய்ந்ததும், ரிவால்வரை எடுத்து வைக்கும்போது கைநழுவி விழுந்து வெடித்ததால்தான் என்று சொல்லப்பட்டது. தாத்தா காலத்து ரிவால்வர் வைத்திருப்பவர்கள் ஹேமருக்கு நேரான தோட்டா அறையைக் காலியாக விடுங்கள். ஆறுக்கு ஐந்து போதும்.

காரில் உட்கார்ந்தபடி இடுப்பில் குத்துகிறதே என்று எடுத்து எடுத்து வைப்பதும் வேண்டாத வேலை. உட்காரும்போது துப்பாக்கியின் வாய் தொடைக்கோ பக்கத்து சீட்டுக்கோ திரும்பிவிடும், சீட் பெல்ட்டும் சட்டையும் சேர்ந்து மாட்டும். சரிசெய்ய வேண்டுமென்றால் உறையோடு சேர்த்துக் கழற்றுங்கள்.

அப்புறம் தேர்தல் நேரம். துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள், மாதக்கணக்கில் பீரோவில் கிடந்ததைத் தூசி தட்டி எடுத்துப் போவார்கள். பிஸ்டலைக் காலி செய்யும்போது வரிசை மாறினால் ஆபத்து. ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) முதலில் இழுத்துவிட்டு அப்புறம் மேகஸினை (தோட்டாக்கள் இருக்கும் பெட்டி) கழற்றினால், ஸ்லைடு திரும்பும்போது அடுத்த தோட்டாவைச் சேம்பருக்குள், அதாவது சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறைக்குள், ஏற்றியிருக்கும், கையில் மேகஸின் இருப்பதால் நீங்கள் காலி என்று நம்புவீர்கள். மேகஸின் முதலில், ஸ்லைடு பிறகு, அதன்பின் சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். இதை வீட்டிலேயே, வேறு யாரும் இல்லாத அறையில், மணல் நிரப்பிய வாளியை நோக்கிப் பிடித்துக்கொண்டு முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இவ்வளவையும் மீறிக் குண்டு தொடையில் பாய்ந்துவிட்டால், தொடையின் பெரிய ரத்தக்குழாய் அறுந்திருந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும். காயத்தில் துணியைத் திணித்து உடல் எடையெல்லாம் போட்டு அழுத்துங்கள், ரத்தம் பீய்ச்சி அடித்தால் காயத்துக்கு மேலே அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொண்டு 108ஐக் கூப்பிடுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து தெரிந்த கிளினிக்குக்கு ஓடுபவர்கள் உண்டு. குண்டுக் காயம் என்றால் எந்த ஆஸ்பத்திரியும் போலீசுக்குச் சொல்லத்தான் செய்யும், அதனால் நேராகப் பெரியாஸ்பத்திரிக்கே போங்கள், துப்பாக்கியை யாரும் தொடாமல் கிடந்த இடத்தில் விட்டு அறையைப் பூட்டச் சொல்லுங்கள்.