சைக்கோசிஸ்ல தன்னையே காயப்படுத்திக்கறவங்க: வீட்ல நாம பண்ற தப்புங்க

காதுல யாரோ பேசற மாதிரி கேக்கறது, நம்மள யாரோ ஃபாலோ பண்றாங்கன்னு அடிச்சு நம்பறது, இதெல்லாம் சைக்கோசிஸ். இதுல ரொம்ப சிலர் தன் உடம்புக்கே பெரிய சேதம் பண்ணிக்கறாங்க. அபூர்வம்தான், அதனால நோய் இருக்கற எல்லாரையும் பாத்து பயப்பட வேணாம். ஆனா இப்படி நடந்த கேஸ்கள ஆராஞ்சு பாத்ததுல ஏறக்குறைய பாதி, நோய் முதல் தடவை வந்து, வைத்தியமே ஆரம்பிக்காத நேரத்துலயே நடந்திருக்கு. "இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்"னு நாம தள்ளிப்போடற காலம்தான் டேஞ்சர்.

ஏன் தள்ளிப்போடறோம்? பையன் ராத்திரி பூரா தூங்காம ஜெபம் பண்றான், சாப்பிடாம கிடக்கான், திடீர்னு தானே மொட்டை அடிச்சுக்கறான், நான் பெரிய பாவி, எனக்கு தண்டனை வேணும்னு மொனகறான். வீட்ல பக்தி முத்திருச்சுன்னு ஒருத்தர், காத்து கருப்புன்னு இன்னொருத்தர். கோயில், தர்கா, சர்ச் எங்க வேணா போங்க, ஆனா டாக்டர பாத்துட்டு போங்க, மாத்திரைய நிறுத்திட்டு போகாதீங்க.

குரல் கேக்குதுன்னு சொன்னா "அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு, தூங்கு"ன்னு பேச்ச முடிச்சிடறோம், இது எனக்கு ரொம்ப கவலையான தப்பு. "அது என்னப்பா சொல்லுது? உன்ன ஏதாவது பண்ணிக்க சொல்லுதா? சொன்னத செஞ்சே ஆகணும்னு தோணுதா?"ன்னு நேரா கேளுங்க. கேட்டா இல்லாத எண்ணத்த நாமளே கிளப்பி விட்ட மாதிரி ஆயிடும்னு நெனைக்காதீங்க, ஆகாது. ஆமான்னு சொன்னா அன்னைக்கே கேசுவாலிட்டி, அதுவரைக்கும் தனியா விடாதீங்க, ஆபத்தான பொருள கையில படாம எடுத்து வைங்க. சாகணும்னு ஆசை இல்லன்னு அவங்க சொல்றத மட்டும் வச்சு நிம்மதியாவும் இருக்க முடியாது, ஏன்னா நெறைய பேருக்கு நிஜமாவே அந்த ஆசை இருக்காது, குரலுக்கு கட்டுப்படறதுதான்.

காயம் ஆயிடுச்சுன்னா 108. போலீஸ் கேஸ் ஆகும்னு பயந்து தெருமுனை கிளினிக்ல தையல் போட்டுட்டு வீட்டுக்கு கூட்டிட்டு வந்துடறாங்க, அதுவும் தப்புதான், ஒரு தடவை பண்ணவங்க திரும்ப பண்ற ரிஸ்க் அதிகம், சைக்கியாட்ரிஸ்ட் பாக்காம டிஸ்சார்ஜ் வாங்காதீங்க. தற்கொலை முயற்சின்னே எழுதினாலும், கடுமையான மன அழுத்தத்துல நடந்ததாதான் எடுத்துக்கணும்னு 2017 மனநல பராமரிப்பு சட்டத்தோட 115வது பிரிவு சொல்லுது. வலிக்கலைங்கறாரேன்னு காயத்த சின்னதா எடுத்துக்காதீங்க, அந்த நிலையில வலி தெரியாமலே போகலாம்.

கட்டிப்போட்டா சேஃப்னு இன்னும் நெனைக்கறவங்க இருக்காங்க. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி, மனநோய் இருக்கறவங்கள கட்டி வச்சிருந்த ஒரு இல்லம். தீ பிடிச்சப்ப சங்கிலியோட இருந்தவங்களால ஓட முடியல, 28 பேர் செத்துப் போயிட்டாங்க. இப்ப சங்கிலி போடறதையே அந்த 2017 சட்டம் தடை பண்ணிருக்கு.

கடைசியா மாத்திரை. நல்லா இருக்கான்னு நாமளே நிறுத்தறது, நாக்குக்கடியில ஒளிச்சு வைக்கறத கவனிக்காம விடறது. விழுங்க மாட்டேங்கறாங்கன்னா மாசத்துக்கு ஒரு தடவை போடற ஊசி இருக்கு, கேளுங்க. மத்த மாத்திரையில குணமாகாதவங்களுக்கு குளோசபின்ங்கற மாத்திரை குடுப்பாங்க, ஸ்கிசோஃப்ரினியால தற்கொலை முயற்சிய குறைக்கும்னு அமெரிக்காவுல 2002லயே அதுக்கு அனுமதி கிடைச்சிருச்சு, ஆனா வெள்ளை அணு குறையலாம்ங்கறதால முதல் 18 வாரம் வாராவாரம் ரத்த டெஸ்ட், சலிச்சுக்கிட்டு அத விட்டுடாதீங்க. ராத்திரி நேரத்துல யார கேக்கறதுன்னு தெரியலன்னா அரசோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416, ஃப்ரீதான், தமிழ்லயே பேசலாம்.