சேப்பாக்கத்து ரசிகர்கள் டோக்கியோவில் பேஸ்பால் பார்ப்பதற்கு ஒரு நாள்

சென்னையிலிருந்து ஜப்பானுக்குச் செல்லும் குடும்பங்களின் பயணத் திட்டங்களில் ஒரே நாளில் ஐந்தாறு இடங்கள் நெருக்கியடித்து எழுதப்பட்டிருப்பதையும், மாலைக்குள் அனைவரும் கால் வலியோடு விடுதிக்குத் திரும்பிவிடுவதையும் பலமுறை கண்டிருக்கிறேன். சேப்பாக்கத்தில் ஆட்டம் பார்த்து வளர்ந்தவர்கள், டோக்கியோவில் ஒரு நாளையாவது இப்படி வீணாக்காமல் பேஸ்பாலுக்கென்று ஒதுக்க வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். வார நாட்களில் ஆட்டம் பெரும்பாலும் மாலை 6 மணிக்கு, அதாவது நம் ஊர் நேரப்படி பிற்பகல் இரண்டரை மணிக்குத் தொடங்கும். எனவே பகலில் பார்க்கும் இடங்கள் அனைத்தும் மைதானத்திலிருந்து நடந்து போகும் தொலைவிலேயே இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மிகப் பொருத்தமானது மெய்ஜி ஜிங்கு மைதானம். 1926இல் திறக்கப்பட்ட இது யாகுல்ட் ஸ்வாலோஸ் அணியின் சொந்தக் களம். சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட் போட்டி நடந்த அதே 1934ஆம் ஆண்டில், அமெரிக்க அணியோடு வந்த புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் பேப் ரூத் இங்கே ஆடினார். பழைய மைதானத்தை இடித்துவிட்டுப் புதியது கட்டும் திட்டம் இருப்பதால், இப்போதுள்ள காலரிகளில் அமர விரும்புவோர் பயணத்தைத் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.

ஜப்பானிய லீக் பருவம் மார்ச் கடைசியில் தொடங்கி அக்டோபர் தொடக்கம் வரை நீடிக்கும். ஜூனிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை மழைக்காலம். இந்த மைதானத்துக்குக் கூரை இல்லாததால், அந்த வாரங்களில் ஆட்டம் ரத்தாக வாய்ப்புண்டு. சீட்டை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இணையத்தில் வாங்கிவிடுங்கள். குறிப்பாக யோமியூரி ஜயன்ட்ஸ், ஹன்ஷின் டைகர்ஸ் அணிகள் வரும் நாட்களில் இடங்கள் விரைவில் தீர்ந்துவிடும். இருக்கையைத் தேர்ந்தெடுக்கும்போது, பேட்ஸ்மேனுக்குப் பின்னால் இருக்கும் விலை உயர்ந்த இடங்களைவிட, எல்லைக்கோட்டுப் பக்கம் இருக்கும் மலிவான வெளிக்காலரியையே பரிந்துரைக்கிறேன். வலப்புறம் ஸ்வாலோஸ் ரசிகர்களும் இடப்புறம் எதிரணி ரசிகர்களும் அமர்வார்கள். ஒரு தரப்பின் பகுதியில் மறுதரப்பின் சட்டையை அணிந்து உட்காரக் கூடாது என்பதை மறக்க வேண்டாம்.

காலையில் ஹராஜுகு ரயில் நிலையத்தில் இறங்கினால், பக்கத்திலேயே மெய்ஜி கோயிலின் பெரிய மரத்தோரணம் தெரியும். பேரரசர் மெய்ஜிக்கும் பேரரசி ஷோகெனுக்கும் 1920இல் எழுப்பப்பட்ட இந்தக் கோயிலைச் சூழ்ந்திருக்கும் காடு தானாக வளர்ந்ததன்று. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் அனுப்பிய சுமார் ஒரு லட்சம் மரக்கன்றுகளைத் திட்டமிட்டு நட்டு வளர்த்தது. அடையாறு தியசாபிகல் சொசைட்டித் தோட்டத்தின் நிழலில் நடந்தவர்களுக்கு இந்தச் சரளைக்கல் பாதையின் அமைதி அந்நியமாகத் தோன்றாது. சந்நிதிக்கு முன் உள்ள தொட்டியில் கையையும் வாயையும் கழுவி, இரண்டு முறை தலைவணங்கி, இரண்டு முறை கைதட்டி, மீண்டும் ஒரு முறை வணங்குவது அங்கத்திய முறை. பின்னர் ஒமோதெசாந்தோ சாலையின் மரவரிசைக்கு அடியில் மெதுவாக நடந்து, எங்காவது காபி அருந்தி, மதிய வேளையைக் கழித்துவிடுங்கள். வேறு எதையும் திட்டத்தில் சேர்க்க வேண்டாம்.

சைவ உணவுக்காரர்கள் மைதானக் கடைகளை மட்டும் நம்பிப் போகக் கூடாது. நூடுல்ஸ் சாறு முதல் சாதாரணக் குழம்பு வரை பலவற்றிலும் மீன் சாறு கலந்திருக்கும். வெளி உணவைக் கொண்டுபோகலாம்; கேனிலும் கண்ணாடிப் புட்டியிலும் உள்ள பானங்களை மட்டும் வாயிலில் காகிதக் கோப்பைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். உள்ளே கிடைப்பவற்றில், உப்பிட்டு வேகவைத்த பச்சைச் சோயாக்காய் நம் மெரினா சுண்டலைப் போலவே கைக்கும் வாய்க்கும் வேலை தரும். முதுகில் பீர்ப் பீப்பாயைச் சுமந்தபடி படிகளில் ஏறி இறங்கும் இளம்பெண்களிடம் வாங்க விரும்பினால், கையை உயர்த்தினால் போதும்.

ஆட்டத்தின் விதிகளைக் கிரிக்கெட் தெரிந்தவர் அரை மணி நேரத்தில் பிடித்துக்கொள்ளலாம். பந்து தரையில் குத்தாமல் வரும்; மூன்று பேர் அவுட்டானால் மறு அணி ஆட வரும்; இப்படி ஒன்பது சுற்றுகள். சமநிலையில் நின்றால் 12 சுற்றுகள் வரை நீட்டி, அப்போதும் முடிவு கிட்டாவிட்டால் டிராவென்று விட்டுவிடுவார்கள். இந்த வழக்கம் அமெரிக்காவில் இல்லை. ஐந்து நாள் டெஸ்ட் பார்த்துப் பழகிய நமக்கோ இது இயல்பாகவே படும்.

பழகிக்கொள்ள வேண்டியது ஆரவார முறைதான். தம் அணி பேட் செய்யும்போது மட்டுமே ரசிகர்கள் மேளத்துக்கும் எக்காளத்துக்கும் இசைய எழுந்து பாடுவார்கள். ஒவ்வொரு பேட்ஸ்மேனுக்கும் தனிப் பாட்டு உண்டு. எதிரணி ஆடும்போது அமர்ந்து ஓய்வெடுப்பார்கள். அந்த நேரம் மறுபக்கக் காலரிக்கு உரியது. 1999இல் சென்னையில் 12 ரன்னில் வென்ற பாகிஸ்தான் அணிக்கு எழுந்து நின்று கைதட்டிய ஊர்க்காரர்களுக்கு இந்த மரியாதை உடனே புரியும். ஸ்வாலோஸ் ஒரு ரன் எடுத்ததும் காலரி முழுவதும் சிறு குடைகள் விரிந்து, பாட்டோடு மேலும் கீழும் ஆடும். ஆட்டத்துக்கு முன்பே மைதானக் கடையில் ஒரு குடை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; அது இல்லாமல் அந்தக் கணத்தில் சும்மா நிற்பது மிகுந்த வருத்தம் தரும். காலரியில் ஊழியரின் விசில் சத்தம் கேட்டால் மட்டும் உடனே நிமிர்ந்து பாருங்கள். பந்து உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கலாம்.

ஆட்டம் முடிந்ததும் வாயிலுக்கு ஓடாதீர்கள். உள்ளூர் அணி வென்றிருந்தால், அன்று சிறப்பாக ஆடியவரைக் களத்திலேயே நிறுத்திப் பேட்டி காண்பார்கள். மொழி புரியாவிட்டாலும் ரசிகர்களின் முகங்களைப் பார்க்க அதைவிட நல்ல நேரம் இல்லை. உங்கள் குப்பையை நீங்களே எடுத்துச் சென்று தொட்டியில் போட்டுவிட்டு, கூட்டம் கலைந்த பின் காயென்மாயே நிலையத்துக்கு நடந்தால், கின்சா வழித்தட ரயில் ஒரு பக்கம் ஷிபுயாவுக்கும் மறுபக்கம் அசகுசாவுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.